நசுங்காத வாஷர்

பிஸ்டனின் ஓட்டை வழியாக எனக்கு ஒரு வேப்பமரம் தெரிந்தது.

திருப்பதியில், ரேணிகுண்டா போகும் சாலையோரம், தகரக் கூரை போட்ட ஒரு ஒர்க்‌ஷாப். மழை விட்ட முற்பகல். மண்ணெண்ணெயில் கழுவி வைத்திருந்த பிஸ்டனை மெக்கானிக் ரெட்டப்பா என் கையில் கொடுத்தார். டீ டம்ளர் அளவு இருக்கும், ஆனால் தூக்கினால் கனம் குறைவு. தலைகீழாகத் திருப்பி உள்ளே பார்த்தேன். தட்டையாக இருக்கவேண்டிய தலையில், ஓரமாக, வெல்லப்பாகு உருகி வழிந்தது போல ஒரு பொத்தல். அதன் வழியே ஈர வேப்பிலைகள், அவற்றுக்குப் பின்னால் வானம்.

"பாத்துக்கினியா அக்கா?" என்றான் என் தம்பி ரத்தினம். "மச்சான் வேலை. உண்டியல் மாதிரி ஓட்ட போட்டு வெச்சிருக்கான்."

"கேஸ் பண்டி அன்டே இன்தே அம்மா" என்றார் ரெட்டப்பா. கேஸ் வண்டி என்றால் இவ்வளவுதான் என்று பொருள். அவர் சொல்லிவிட்டுக் கை துடைக்கப் போய்விட்டார்.

எனக்கு ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்க மனம் வரவில்லை. இரும்பும் அலுமினியமுமாக மூடிய ஒரு பெட்டிக்குள், யாரும் கை வைக்காத இடத்தில், இப்படி ஒரு பொத்தல் எப்படி விழும்?

இது கார்த்திகை மாதத்தில் நடந்தது. இந்தத் தொடரைத் தொடங்கியபோது பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: தேதிகளைக் குறையுங்கள் அம்மா, பஞ்சாங்கம் மாதிரி இருக்கிறது. எனவே கார்த்திகை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கிழமை எனக்குத் தெரியும். கேட்டால் சொல்வேன்.

வண்டி எப்படி டிபன் கடை ஆனது

ரத்தினம் புத்தூரில் தறி ஓட்டியவன். தறிச் சத்தம் காதை அடைக்கிறது என்று விட்டுவிட்டு ஒரு பழைய குட்டி லாரியை வாங்கினான். இரண்டு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. கொஞ்ச நாள் மாங்காய் ஏற்றினான், கொஞ்ச நாள் ஷாமியானா பந்தல் சாமான் ஏற்றினான். எதிலும் நிலைக்கவில்லை.

டிபன் வண்டி யோசனை அவன் மனைவி வசந்தாவின் தம்பி சேகருடையது. சேகர் அப்போது ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். அலிபிரியில் மலைப்படி ஏறத் தொடங்குகிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, "மாமா, இவ்ளோ பேரு வெறும் வயித்தோட ஏறிக்கினு இருக்காங்க. நம்ம வண்டிய நிறுத்தி இட்லி போட்டா போதும்" என்றானாம்.

போட்டார்கள். அதற்காக அவன் வேலையையே விட்டுவிட்டு வந்தான். வீட்டுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி, மாசிக் காற்றில் ஆரம்பித்து மாங்காய் முற்றும் வரை வெல்டிங் பொறி பறந்தது. பின்பக்கத்தை நீட்டினான். பக்கவாட்டுத் தகரத்தை மேலே தூக்கினால் கூரை, கீழே இறக்கினால் மேஜை. தண்ணீர்த் தொட்டி, அடுப்பு மேடை, தட்டு கழுவ ஒரு குழி. பெட்ரோல் கட்டுப்படி ஆகாது என்று இஞ்சினுக்கு கேஸ் கிட் பொருத்தியதும் அவன்தான். அதற்கான குழாயை முன்னாலிருந்து இஞ்சின் மேலாக, அழகாக வளைத்துக் கொண்டுவந்து கிளிப் அடித்திருந்தான். நான் சித்தூரிலிருந்து போய்ப் பார்த்தபோது, வீணைத் தந்தியைக் காட்டுவது போல அந்தக் குழாயை எனக்குக் காட்டினான்.

அந்த வண்டியில் நான் சாப்பிட்ட பொங்கல் பற்றி ஒரு தனி அத்தியாயம் எழுதலாம். மிளகை முழுசாகப் போடுவாள் வசந்தா. ஆந்திராக்காரர்கள் அதை ஒதுக்கி வைப்பார்கள், நம் பக்கத்துப் பாதயாத்திரைக்காரர்கள் கடித்துத் தின்பார்கள். தட்டைப் பார்த்தே யார் எந்த ஊர் என்று சொல்வாள்.

வடமாலப்பேட்டைக்கு அந்தப் பக்கம்

வண்டி நின்றது வடமாலப்பேட்டை தாண்டி. காலை டிபனுக்குப் போகிற வழியில் முதலில் இழுவை குறைந்தது, பிறகு தகரத்தில் கல் போட்டுக் குலுக்கியது போலச் சத்தம், பிறகு சைலன்சரில் நீலப் புகை. அண்டா நிறைய சாம்பாரோடு சாலையோரத்தில் நின்றார்கள்.

அங்கேயே பேச்சு தடித்துவிட்டது.

"கம்பெனிக்காரன் முட்டாளா? பெட்ரோலுக்குப் பண்ண இஞ்சின்ல கேஸ் அடிச்சா எரிஞ்சிதான் போவும்" என்று ரத்தினம் சொல்லியிருக்கிறான்.

"ஊர்ல எத்தினி கேஸ் வண்டி ஓடுது, எல்லாம் எரிஞ்சா போச்சு?" என்றானாம் சேகர்.

"அதெல்லாம் தெரிஞ்சவன் மாட்டினது."

இந்தக் கடைசி வார்த்தைதான் சேகருக்குப் பொறுக்கவில்லை. வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். பழைய தொழிற்சாலையில் மேஸ்திரியிடம் பேசி, திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டான்.

வசந்தா எனக்குப் போன் செய்தாள். "அண்ணி, நீங்க ஒரு வாட்டி வந்து பேசுங்க. திங்கக்கெழம அவன் போயிட்டான்னா அப்புறம் இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டான். எனக்குப் பொறந்த வூடுன்னு இருக்கிறதே அவன் ஒருத்தன்."

நான் என்ன பேசுவது? இரண்டு ஆண்களைச் சமாதானம் செய்யும் திறமை எனக்குக் கிடையாது. ஆனால் ஒரு பொருள் ஏன் கெட்டது என்று பார்க்கும் ஆசை உண்டு. சித்தூரில் பஸ் ஏறி நேராக ரெட்டப்பாவின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ரத்தினத்தை அங்கேயே வரச் சொன்னேன்.

பூ வைத்துக்கொண்டு பேசிய போர்டு

அந்த ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை.

சென்ற சில வாரங்களாக என் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் காலத்தைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும், சித்தூரில் நான் உட்கார்ந்திருந்த போர்டில் பித்தளை முனை வைத்த கயிறுகளை எடுத்து எடுத்துக் குழியில் செருகுவோம். ஒரு லைன் கரகரத்தால் மற்றவர்கள் திட்டிவிட்டு அடுத்த குழிக்குப் போவார்கள். நான் முனையை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சில சமயம் ஒரு நூல் அளவு பச்சைக் களிம்பு இருக்கும். அதைத் துடைத்து மறுபடி செருகும்போது, எங்கோ இருக்கும் ஒரு மனிதரின் குரல் சட்டென்று பக்கத்தில் வந்துவிடும். அந்தச் சந்தோஷத்தை வேறெதிலும் நான் கண்டதில்லை.

ஆயுத பூஜை அன்று அந்த போர்டுக்கும் பொட்டு வைப்போம். மேல் விளிம்பில் சாமந்திச் சரம். ஆனால் அதற்கு ஓய்வு கிடையாது. ஊரெல்லாம் கருவிகளைப் பூஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க, எங்கள் போர்டு மட்டும் பூ வைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருக்கும். கயிறு இழுக்கும்போது இதழ் உதிர்ந்து மடியில் விழும். இது சரியா தவறா என்று எங்களுக்குள் ஒரு வாதம் வருடா வருடம் நடக்கும். யாரும் ஜெயித்ததில்லை.

அப்போது இதை ஒரு வேடிக்கையாகத்தான் நினைத்திருந்தேன்.

பூரியும் அப்பளமும்

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்புவோம்.

கழற்றிய சாமான்களை ரெட்டப்பா ஒரு பழைய டின் மூடியில் போட்டு வைத்திருந்தார். பிஸ்டனைக் கீழே வைத்துவிட்டு அதைக் கிளறினேன். இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் கிடந்தன. பிளக் என்பது ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. வெள்ளைப் பீங்கான் கழுத்து, இரும்பு இடுப்பு, கீழே மரை, நுனியில் ஒரு சின்னக் கொக்கி. கொக்கிக்கும் நடுக்கம்பிக்கும் இடையே பொறி பறந்தால் உள்ளே இருக்கும் வாயு வெடித்து பிஸ்டனைத் தள்ளும்.

ஒரு பிளக்கின் நுனி இளம் பழுப்பாக, நன்றாக இருந்தது. மற்றதில் கொக்கியே இல்லை. உருகிப் போயிருந்தது. உள்ளிருந்த பீங்கான் முனை உடைந்து, கடித்துத் துப்பிய கரும்புச் சக்கை போல இருந்தது.

"ஓட்டை விழுந்த சிலிண்டர் பிளக் இதுதானே?"

"அவுனு, ஆமா அம்மா. கேஸ் சூடு தாங்கல. மொதல்ல பிளக் போச்சு, அப்புறம் பிஸ்டன் போச்சு."

"ரெண்டு சிலிண்டருக்கும் அதே கேஸ்தானே போகுது? அது ஏன் நல்லா இருக்கு?"

 ரெட்டப்பா அருகில் வந்து குந்தினார். ரத்தினம், "உனுக்கு இன்னாத்துக்கு அக்கா இதெல்லாம்" என்றான். ஆனால் அவனும் எட்டிப் பார்த்தான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எக்ஸ்சேஞ்சில் இரண்டு கயிற்று முனைகளை வைத்துப் பார்ப்பது போலத்தான். நுனி வேறு என்பது தெரிந்ததே. அதைத் தவிர வேறு என்ன வேறு? உருகிய பிளக்கின் இடுப்பைச் சுற்றி வெளிப்பக்கம் கரி படிந்திருந்தது. நல்ல பிளக்கில் அது இல்லை. பிறகு மரைக்கு மேலே இருக்கும் வளையத்தைப் பார்த்தேன். ஒன்றில் அது அப்பளம் போலத் தட்டையாக இருந்தது. மற்றதில் பூரி போல உப்பிக்கொண்டிருந்தது.

"இந்த வளையம் ஏன் ஒண்ணு தட்டையா, ஒண்ணு உருண்டையா இருக்கு?"

ரெட்டப்பா வாங்கிப் பார்த்தார். நகத்தால் அழுத்திப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது வாஷர் அம்மா. புதுசுல உப்பலாத்தான் இருக்கும். ஸ்பானர் போட்டு இறுக்கினா நசுங்கி ஒக்காந்துக்கும்." வளையத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். "இது நசுங்கவே இல்ல. இத யாரும் இறுக்கவே இல்ல."

பிறகு அவர் சொன்னதையும், வீட்டுக்கு வந்து நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். பிளக்கின் நுனி நெருப்பிலேயே இருக்கிறது. அந்தச் சூடு வெளியேற முக்கியமான வழி, அது இறுகி உட்கார்ந்திருக்கும் அந்த வாஷரும் மரையும்தான். சரியாக உட்காராவிட்டால் சூடு போக வழியில்லை. போதாததற்கு, இடுக்கு வழியாகக் கொதிக்கும் வாயு கசிந்து இன்னும் சுடவைக்கும். நுனி தணலாகப் பழுக்கிறது. பிறகு பொறி பறக்கும் நேரத்துக்காக எதுவும் காத்திருப்பதில்லை. பிஸ்டன் மேலே வரும்போதே தணல் பட்டு வாயு வெடிக்கிறது. ஏறிக்கொண்டிருப்பவன் தலையில் அடிப்பது போல. அந்தச் சூட்டிலும் அடியிலும் அலுமினியம் இளகிப் பொத்தல் விழுகிறது. பின்பக்கம் ஒரு சமையலறையையே சுமக்கிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். கேஸ் சூடும் கொஞ்சம் சேர்ந்திருக்கும் என்று ரெட்டப்பா கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. இருக்கலாம்.

"கசிஞ்சிருந்தா சத்தம் வந்திருக்குமே" என்றேன்.

 ரத்தினம் ஒரு பழைய டயர் மேல் போய் உட்கார்ந்தான்.

"வந்துச்சு" என்றான் மெதுவாக. "மச்சான் சொன்னான். மாமா, புஸ் புஸ்னு ஒரு சத்தம் வருதுன்னான். நான்தான், பின்னால சாம்பார் அண்டா மூச்சு வுட்டுக்கினு வருது, வேற இன்னா சத்தம் வரும்னேன்."

ஸ்பானர் தூங்கிய நாள்

அதற்குப் பிறகு அவன் சொன்னதுதான் இந்தக் கதையின் ஆரம்பம்.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் வண்டிக்குப் புது பிளக் வாங்குவது அவன் வழக்கம். சாமிக்குப் புதுத்துணி மாதிரி வண்டிக்குப் புது பிளக். பழையதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, புதிதைப் படத்துக்கு முன்னால் வைத்து, மறுநாள் விஜயதசமிக்கு மறுபூஜை முடிந்ததும் மாட்டுவான். ஸ்பானர், சுத்தி, சேகரின் வெல்டிங் கண்ணாடி, வசந்தாவின் இட்லித் தட்டு, எல்லாம் வரிசையாகச் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கும்.

அந்த வருடம் பூஜை முடிந்த மாலையில் ஒரு போன். பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து மஞ்சள் துணி கட்டிக்கொண்டு நடந்து வருகிற கூட்டம். மலையில் பிரம்மோற்சவம். விடிந்தால் அலிபிரியில் இருப்போம், எல்லாருக்கும் பொங்கல் வேண்டும் என்றார்கள். சாமி பார்க்க நடக்கிறவர்களுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது?

வண்டியோ பிளக் இல்லாமல் நிற்கிறது. ரத்தினம் பூஜையில் கை வைக்கப் போக, வசந்தா தடுத்திருக்கிறாள்.

"பிளக்க எடுத்துக்க. அது வண்டியச் சேந்தது. வண்டி எலுமிச்சம்பழத்த நசுக்கிட்டுக் கெளம்பலாம். ஸ்பானர எடுக்காத. அது ஆயுதம், தூங்கிக்கினு இருக்கு. மறுபூஜை இல்லாம எழுப்பக் கூடாது."

"அப்ப இன்னாத்தால இறுக்குறது, பல்லாலயா?"

"பக்கத்து வூட்ல கேளு."

கேட்டிருக்கிறான். பக்கத்து வீட்டு ஸ்பானரும் பூஜையில். எதிர்வீட்டு ஸ்பானரும் பூஜையில். தெருவில் ஒரு ஸ்பானருக்கும் அன்று வேலை கிடையாது. சேகர் அப்போது அரிசி வாங்கக் கடைக்குப் போயிருந்தான். ரத்தினம் ஒரு ரப்பர் குழாய்த் துண்டை பிளக் தலையில் செருகி, கையாலேயே திருகி மாட்டினான். வண்டி கிளம்பியது. கூட்டம் பொங்கல் தின்றது. யாரும் எதுவும் கவனிக்கவில்லை.

அன்றே வீடு திரும்பி, விஜயதசமி மறுபூஜை முடிந்ததும் ஸ்பானர் எழுந்தது. முன் பிளக்கை இறுக்கினான். இரண்டாவதன் மேலே சேகரின் அந்த அழகான கேஸ் குழாய் குறுக்கே போகிறது. கிளிப்பைக் கழற்றி, குழாயை நகர்த்தினால்தான் ஸ்பானர் நுழையும். சாப்பிட இலை போட்டாயிற்று என்று வசந்தா கூப்பிட்டாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போனான்.

அந்த அப்புறம் வரவே இல்லை.

திங்கட்கிழமை

ரத்தினம் போனை எடுத்துச் சேகரைக் கூப்பிட்டான். மன்னிப்பு அவன் வாயில் வராது, எங்கள் அப்பாவுக்கும் வராது.

"மச்சான், இந்த கேஸ் பைப்ப எப்படி மாட்றது? ரெட்டப்பாக்குத் தெரில, நீ வா."

"நாக்கு தெலியதா?" என்று ரெட்டப்பா முனகினார், எனக்கா தெரியாது என்று. நான் கையமர்த்தினேன்.

மறுநாள் காலை சேகர் வந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தான். வசந்தாவும் டிபன் கேரியரோடு கூடவே வந்தாள். ரத்தினம் உருகிய பிளக்கை அவன் உள்ளங்கையில் வைத்தான்.

"வாஷரப் பாரு. ஸ்பானர் படாதது. கையால மாட்டினது நான். மறுநாளும் இறுக்காம வுட்டது நான்."

சேகர் பார்த்தான். பிறகு திறந்து கிடந்த வண்டியருகே போய்த் தன் குழாயைப் பார்த்தான். அங்கே கையை விட்டு, ஸ்பானர் பிடிப்பது போல மணிக்கட்டைத் திருப்பினான். குழாயில் இடித்தது. இன்னொரு தடவை திருப்பினான். மறுபடியும் இடித்தது.

"இப்பிடிக் குறுக்க வுட்டா எவன்தான் இறுக்குவான்" என்றான் தனக்குள். "பாக்க நல்லா இருக்கேன்னு வுட்டேன் மாமா."

வசந்தா கேரியரைக் கீழே வைத்தாள். "ஸ்பானர எழுப்பாதன்னது நான். ஆளுக்கொண்ணு எடுத்துக்கினீங்க, என்ன மட்டும் ஏன் வுட்டீங்க?"

ரெட்டப்பா சிரித்துவிட்டார். எனக்கு விசித்திரமாக இருந்தது. நேற்றுவரை ஒரு குற்றத்தை ஒருவர் தலையில் வைக்க முடியாமல் அடித்துக்கொண்டவர்கள், அது மூன்று துண்டாக இருக்கிறது என்று தெரிந்ததும் ஆளுக்கு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "சேகரு, திங்கட்கிழமை?"

அவன் ஏற்கெனவே கிளிப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். "திங்கக்கெழம இஞ்சின் ஜோடிக்கணும் அக்கா" என்றான், திரும்பிப் பார்க்காமல்.

புதுக் குழாய் இஞ்சினுக்குப் பக்கவாட்டில், சுற்று வழியில் போகிறது. பார்க்க அவ்வளவு அழகில்லை. இரண்டு பிளக்குக்கும் ஸ்பானர் நேராக இறங்குகிறது.

இந்த ஆண்டு

இந்த ஆயுத பூஜைக்கு நான் புத்தூரில் இருந்தேன். உண்மையைச் சொன்னால், ஒரு கேள்வியோடுதான் போயிருந்தேன். மறுபடி ஒரு போன் வந்தால் என்ன செய்வார்கள்?

வசந்தா கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, பொட்டு வைத்துப் படத்துக்கு முன்னால் உட்காரவைத்தாள். சுத்தி, வெல்டிங் கண்ணாடி, இட்லித் தட்டு. புது பிளக்குகள் வாழையிலைத் துண்டின் மேல், வாஷர் உப்பலாக. பிளக் ஸ்பானரைக் கையில் எடுத்தபோது நான் கிட்டத்தில் போய் நின்றுகொண்டேன்.

அதற்கும் மஞ்சள் தடவினாள். குங்குமம் வைத்தாள். ஒரு சாமந்திப் பூவைக் கழுத்தில் கட்டினாள். பிறகு அதை வரிசையில் வைக்காமல், எழுந்து போய், கதவுக்குப் பக்கத்தில் இருந்த ஆணியில் மாட்டினாள்.

"இது மட்டும் ஏன் அங்க?" என்றேன்.

"இதுக்கு டூட்டி அண்ணி" என்றாள் வசந்தா, கற்பூரத்தை எடுத்துக்கொண்டே. "நின்னுக்கினே கும்புடட்டும்."